நாக்பூர் குரல்

“நாக்பூர்ல கரண்டு போனா நம்ம காரைக்கால்லயும் போகுமாக்கா?”

நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே இசபெல்லா இதைக் கேட்டுவிட்டாள். தோளில் எட்டு மாதப் பெண் குழந்தை. சளி கட்டி, மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் கொர்ரென்று ஒரு சத்தம்.

துப்பறியும் மங்கையர்க்கரசி பேனாவை மூடினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில் அவள் போர்டு மாட்டி ஆறு வருஷமாகிறது. ஓடிப்போன மாப்பிள்ளைகளைத் தேடியும், வரப்போகும் மாப்பிள்ளைகளை விசாரித்தும் அலுத்துப் போயிருந்தவளுக்கு இந்தக் கேள்வி புதுசாக இருந்தது.

ஜன்னலில் சாய்ந்திருந்த காதர் பாட்சா முந்திக்கொண்டான். சொந்தமாக ஓர் அம்பாசிடர் வைத்து வாடகைக்கு ஓட்டுபவன். வழக்கு வந்தால் அவளுக்கு உதவியாளன். வழக்கு வராத நாளிலும் வாய்க்கு லீவு விடமாட்டான்.

“போகும்மா. நம்மூர்க் கரண்டு எப்படா போகலாம்னு சாக்குத் தேடிக்கிட்டே இருக்கும். நாக்பூர்ல ஒருத்தர் தும்முனாப் போதும்.”

“காதர், கொஞ்சம் சும்மா இரு. நீங்க சொல்லுங்கம்மா. நாக்பூர்ல யாரு?”

“எங்க வீட்டுக்காரரு. பிலோமின்ராஜ்.”

இசபெல்லா சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிலோமின்ராஜ் நாக்பூரில் ஒரு வயர்லெஸ் பட்டறையில் மெக்கானிக். போன வருஷம் மே மாதம் ஊருக்கு வந்துவிட்டுப் போனவன், பிள்ளை பிறந்ததற்குக்கூட வரவில்லை. லீவு இல்லையாம். கடிதம் எழுதும் பழக்கமும் கிடையாது. இவள் எழுதினால், பதில் ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் வந்துவிடும்.

“ரேடியோவுல எப்படிப் பதில் வரும்?” என்றாள் மங்கை.

“அது கேக்குற ரேடியோ மட்டும் இல்லக்கா, பேசுற ரேடியோ. கவர்மெண்டுல லைசென்ஸ் வாங்கி வச்சிருக்காங்க. எங்க தெரு ரேடியோ ரிப்பேர்க்கடை சந்தனசாமி ஐயாதான் தலைவரு. வான்வழி நண்பர் கழகம்னு பேரு. அவரு காரைக்கால், சண்முகசுந்தரம்னு ஒருத்தரு கோயம்புத்தூர், சேக் அலாவுதீன் ஐதராபாத், இவரு நாக்பூர். நாலு பேரும் ஒரு எடத்துல சேந்து உக்காந்ததே இல்ல. ஆனா ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு வந்தா கூட்டம் நடக்கும். வருகை எடுப்பாங்க, தீர்மானம் போடுவாங்க, நன்றியுரைகூட உண்டு.”

“டீ வடைதான் கிடையாது. அதனாலதான் கழகம் உடையாம இருக்கு” என்றான் காதர்.

இசபெல்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “எனக்கு லைசென்ஸ் இல்ல, மைக்குல பேசக்கூடாது. பிள்ளைய மடியில வச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்து கேப்பேன். வாரம் தவறாம என்னைய விசாரிப்பாரு. பிள்ளைக்கு சலோமின்னு பேரு வச்சதே அவரு ரேடியோவுலதான்.”

“சரி. கரண்டு விஷயம்?”

“சந்தனசாமி ஐயா செட்டுக்குக் கார் பேட்டரி போட்டிருக்காரு. கரண்டு போனாலும் ஓடும். அந்தப் பெருமழை பேஞ்ச ஞாயித்துக்கெழம கூட்டம் நடக்குறப்ப ஊர் பூரா கரண்டு போச்சு. அந்த நிமிஷமே எங்க வீட்டுக்காரரு பேச்சும் பாதியில நின்னுச்சு. கோயம்புத்தூரு பேசுறாரு, ஐதராபாத்து பேசுறாரு, இவரு மட்டும் காணும். இங்க விளக்கு எரிஞ்சுது பாருங்க, ‘ஸாரி, லைன் போயிடுச்சு’ன்னு வந்துட்டாரு. ஆனா போன வாரம் எங்க தெருவுல கரண்டு போச்சு. அப்ப இவரு பாட்டுக்குப் பேசிக்கிட்டுத்தான் இருந்தாரு. அதனால எனக்கே ஒண்ணும் புரியல.”

“வேற யாருகிட்டயாவது கேட்டீங்களா?”

“அவருக்கு ஒரே ஒரு தம்பி, அருளானந்தம். விவசாய ஆபீசுல வேலை, கிராமத்துலயே தங்கிட்டாரு. மாசத்துல ரெண்டு தடவ வந்து பிள்ளையப் பாத்துட்டுப் போவாரு. அவருகிட்ட கேட்டேன். தலைய ஆட்டிட்டுப் போயிட்டாரு. முன்னல்லாம் வாய் ஓயாதவரு. இப்ப நாலு வார்த்தை பேசுறதே அபூர்வம்.” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அக்கா, அவருக்கு இங்கயே எங்கயாவது இன்னொரு குடும்பம் இருக்குமோ? அவ்வளவு பிரியமா விசாரிக்கிறவரு மேல சந்தேகப்படுறேனேன்னு எனக்கே வெக்கமாருக்கு.”

கல்யாணப் போட்டோ ஒன்றைக் கொடுத்துவிட்டு எழுந்தாள். வலது புருவத்தைக் குறுக்கே வெட்டிய தழும்போடு ஒருவன் கேமராவைப் பார்க்காமல் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

“பிள்ளைக்குச் சளி எத்தன நாளாம்மா?” என்று வாசலில் நிறுத்திக் கேட்டாள் மங்கை.

“முந்தாநாள்லருந்துக்கா.”

அவள் படியிறங்கிப் போனதும் காதர் கையை விரித்தான். “ஒரு தடவ கரண்டோட போனான், ஒரு தடவ போகல. முதலாவது துப்பை ரெண்டாவது துப்பு தின்னுடுச்சு.”

“தின்னலடா, ஊட்டுது. முதல் தடவ எங்கெங்க கரண்டு போச்சு?”

“காரைக்கால் மொத்தமும். நான் அன்னிக்குப் பொறையாத்துக்கு சவாரி போயிருந்தேன். எல்லையத் தாண்டுனா டீக்கடையில பாட்டு ஜோரா ஓடுது.”

“அதேதான். பொறையாறு தமிழ்நாடு, அந்தக் கரண்டு வேற. நம்ம கரண்டு வேற. நம்மளோட சேந்து ஆளு அணைஞ்சான்னா, ஆளு நம்ம எல்லைக்குள்ள இருக்கான். இப்ப போன ஞாயிறு சொல்லு.”

“டவுன் பூரா போச்சு. திருநள்ளாத்துல போச்சு. நெடுங்காட்டுல மாமியார் வீட்டுல விருந்து, அங்கயும் போச்சு. மாமியார் விசிறி எடுத்தாங்க. காத்து எம் மேல படாதபடி சரியா வீசுனாங்க.”

“எங்க போகல?”

காதர் யோசித்தான். “கோட்டுச்சேரி. வர்ற வழியில மாவு மில்லு ஓடிக்கிட்டிருந்துச்சு.”

“அப்ப நாக்பூர் கோட்டுச்சேரிப் பக்கம் இருக்கு” என்றாள் மங்கை. கணக்கு இவ்வளவு சுலபமாக விடை கொடுத்ததில் அவளுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை அவள் மறைக்கவும் இல்லை.

“வீடு வீடா ஏறிக் கேட்டா ஆளு உஷாராயிடுவான். ஞாயித்துக்கெழம போவோம். கூட்டம் நடக்குறப்ப மைக்கை விட்டு அவன் எங்கயும் நகர முடியாது.”

ஞாயிறு காலை வானம் கருத்துக்கொண்டு நின்றது. கார் டவுனைத் தாண்டி வடக்கே போனது. மங்கையின் மடியில் டிரான்சிஸ்டர். காதர் இடது கையால் அதன் குமிழைத் திருகித் திருகி, இலங்கை, புரியாத ஏதோ ஒரு பாஷை, மறுபடி ஒரு கரகரப்பு எல்லாவற்றையும் தாண்டி ஓரத்தில் போய் நிறுத்தினான்.

“வான்வழி நண்பர் கழகத்தின் இந்த வாரக் கூட்டம் ஆரம்பமாகிறது” என்றது ஒரு முதிய குரல். “வருகை. கோயம்புத்தூர்? ஓவர்.”

“ஆஜர் தலைவரே. ஓவர்.”

“ஐதராபாத்?”

“ஆஜர். ஓவர்.”

“நாக்பூர்?”

“ஆஜர் ஐயா. இங்க நல்ல வெயில். ஓவர்.”

மெல்லிய, கொஞ்சம் இழுத்துப் பேசும் குரல். அது சொல்லி வாய் மூடும் முன் வயல்வெளிக்கு மேல் மின்னல் வெட்டியது. டிரான்சிஸ்டர் படபடவென்று பொரிந்தது. அடுத்து இடி. காதர் பிரேக்கில் காலை வைத்தான்.

“அக்கா, இடி ரெண்டு தடவ இடிச்சுது. ஒண்ணு வானத்துல. ஒண்ணு நாக்பூர் வெயில்ல.”

“கேட்டேன். ஓட்டு.”

சந்தனசாமி தீர்மானத்துக்கு வந்துவிட்டார். இத்தனை வருஷம் குரலாகவே இருந்தாயிற்று. இந்தக் கிறிஸ்துமஸுக்கு உறுப்பினர்கள் எல்லோரும் காரைக்காலுக்கு வந்து ஒரு நாள் முகம் பார்த்துப் பேசவேண்டும். சாப்பாடு தன் வீட்டில். கோயம்புத்தூர் உடனே ஆமோதித்தது. ஐதராபாத் கோழிக்கறியா மீனா என்று விவரம் கேட்டது. நாக்பூர் மட்டும் பின்வாங்கியது.

“எனக்கு லீவு கெடைக்கிறது கஷ்டம் ஐயா. நீங்க மூணு பேரும் கூடுங்க. நான் இங்கருந்தே கலந்துக்கிறேன்.” பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. “இசபெல்லா அங்க இருக்காளா? பாப்பாவுக்குச் சளி எப்படியிருக்கு? வெதுவெதுன்னு ஓமத்தண்ணி குடுக்கச் சொல்லுங்க. ஓவர்.”

காதர் திரும்பிப் பார்த்தான். “இந்த வாரம் புடிச்ச சளி, அதுக்குள்ள நாக்பூர் போயிடுச்சா? தபால்காரன் பறந்தே போனானா?”

“யாரோ இங்கேருந்து தகவல் குடுக்குறாங்க” என்றாள் மங்கை. சொல்லும்போதே அவளுக்குள் ஒன்று இடறியது. தம்பி எந்தக் கிராமத்தில் தங்கியிருக்கிறான் என்று கேட்கவே இல்லை. துப்பறிகிற லட்சணம்!

கோட்டுச்சேரிக் கடைத்தெரு முடிந்ததும், பக்கத்துக் குரல் மட்டும் கேட்கட்டும் என்று அவள் டிரான்சிஸ்டரின் ஏரியலை உள்ளே தள்ளி மடக்கினாள். கோயம்புத்தூர் செத்தது. ஐதராபாத் செத்தது. காரைக்கால் முனகியது. நாக்பூர் மட்டும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவனைப் போலப் பேசிக்கொண்டே வந்தது. வரிச்சிக்குடி வயல்களுக்கு நடுவே கார் திரும்பியபோது ஒலியைக் குறைக்கவேண்டி வந்தது.

“அக்கா, அங்க பாருங்க.” காதர் காரை நிறுத்தினான். ஒரு தோப்பில், இரண்டு தென்னைகளின் உச்சிக்கு நடுவே நீளமாக ஒரு செப்புக் கம்பி. நடுவிலிருந்து ஒரு வயர் ஓட்டு வீட்டுக்குள் இறங்கியது. “துணிக்கொடி கட்டுறதுன்னா தலை உசரத்துல கட்டுவாங்க. இந்த வீட்டுல வெளுக்கிறது என்ன, மேகத்தையா?”

“கம்பி பழசு. ஆளு ரொம்ப நாளா இங்க இருக்கான்” என்று மங்கை இறங்கினாள்.

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்பில் நடந்தபோதே என்ன பேசவேண்டும் என்று தயார் செய்துவிட்டாள். தம்பி வீட்டில் ஒளிந்திருக்கும் அண்ணன். உள்ளே ஒரு பெண் இருப்பாள், ஒரு வேளை குழந்தையும். வெட்கங்கெட்டவனே, நாலு மைல் தூரத்தில் பெண்டாட்டி ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்கவேண்டும்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. குரல் உள்ளேயும் கேட்டது, காரில் வைத்துவிட்டு வந்த டிரான்சிஸ்டரிலும் கேட்டது. மங்கை கதவைத் தள்ளினாள்.

மேசையில் பல்புகள் எரியும் ஒரு பெட்டி. அதன் முன் மைக்கைப் பிடித்தபடி ஒருவன் திரும்பினான். இளைஞன். புருவத்தில் தழும்பு இல்லை.

அவன் அவளைப் பார்த்தான். அவள் கையிலிருந்த போட்டோவைப் பார்த்தான். மைக்கிடம், “தலைவரே, கொஞ்சம் நிக்கிறேன். ஓவர்” என்று அதே இழுவைக் குரலில் சொல்லிவிட்டுப் பொத்தானை விட்டான்.

“நீங்க அருளானந்தம்” என்றாள் மங்கை.

“ஆமாங்க.”

“பிலோமின்ராஜ் எங்க?”

அவன் பெட்டிக்கு மேலே சுவரைப் பார்த்தான். மாதா படத்துக்குக் கீழே, புருவத்தில் தழும்புள்ள அதே முகம். பிளாஸ்டிக் மாலை. கீழே ஒரு மெழுகுவர்த்தி, பாதி எரிந்தது.

பின்னால் வந்த காதர் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“எப்ப?” என்றாள் மங்கை. தயார் செய்து வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட உதவவில்லை.

“போன வருஷம் அக்டோபர்ல. மஞ்சக்காமாலை. தந்தி என் ஆபீசுக்குத்தான் வந்துச்சு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள பெட்டியில வச்சு ஆணி அடிச்சுட்டாங்க. முகத்தைக்கூடப் பாக்கல. அடக்கம் பண்ணிட்டு, அவர் துணிமணியையும் இந்தச் செட்டையும் தூக்கிக்கிட்டு வந்தேன்.”

“வந்து ஏன் சொல்லல?”

“சொல்றதுக்குத்தாங்க வந்தேன். அண்ணி அப்ப அஞ்சு மாசம். அதுக்கு முன்னாடி ரெண்டு பிள்ள தங்கல. டாக்டரம்மா கட்டிலை விட்டு எறங்கக் கூடாதுன்னுட்டாங்க. சந்தனசாமி ஐயா ஒரு ரேடியோவைக் கட்டில் பக்கத்துல வச்சிருந்தாரு. அந்த ஞாயிறு அண்ணன் சத்தம் வரல. வரலன்னதுக்கே உதிரம் பட்டு ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. நான் வாசல் வரைக்கும் போனேன். உள்ள போயி என்னத்தச் சொல்ல?” அவன் மைக்கை மேசையில் வைத்தான். “எங்க ரெண்டு பேரு குரலும் ஒண்ணுங்க. எங்கம்மாவே ஏமாந்துடும். அடுத்த ஞாயிறு இதை மாட்டிப் பேசுனேன். பிள்ள பொறக்குற வரைக்கும்தான்னு நெனச்சேன்.”

“பிள்ள பொறந்து எட்டு மாசமாச்சு.”

“பச்ச ஒடம்பாச்சே, தாய்ப்பால் நின்னுடுமேன்னு இருந்தேன். அப்புறம் ஞானஸ்நானம். அன்னிக்கா சொல்றது? ஒவ்வொரு சனிக்கெழமையும் முடிவு பண்ணிடுவேன். ஞாயித்துக்கெழம சந்தனசாமி ஐயா மைக்கப் புடிச்சதும், ‘உங்க வீட்டம்மா வந்து உக்காந்தாச்சு’ன்னுவாரு. அப்புறம் எப்படிங்க சொல்றது?” அண்ணிக்குப் போகும் பணம் அவனுடைய சம்பளம்தான். நாக்பூருக்கு அவள் எழுதும் கடிதங்களைப் பட்டறைக்காரர் ஒருவர் இவனுக்குத் திருப்பி அனுப்புவார். அவளுக்கு முன்னால் வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வோம் என்று அந்த வீட்டுக்குள் ஊமையாகப் போய் வருவான்.

செட்டு கரகரத்தது. “நாக்பூர், நாக்பூர். காரைக்கால் கூப்பிடுது. கேக்குதா? ஓவர்.”

அருளானந்தம் அதைப் பார்த்தபடி சொன்னான். “நீங்க போய்ச் சொல்லிடுங்களேன். இல்லன்னா நான் இதுலயே இப்ப சொல்லிடவா?”

“ரெண்டும் வேணாம். பெட்டிக்குள்ளேருந்து இது வரக்கூடாது” என்றாள் மங்கை. “வண்டியில ஏறுங்க.”

காதர் காரின் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். மழை பிடித்துவிட்டது. வரும் வழியில் டிரான்சிஸ்டரை யாரும் நிறுத்தவில்லை. கோயம்புத்தூரும் ஐதராபாத்தும் மாறி மாறி நாக்பூரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. கணக்குச் சரியாக வந்ததற்குச் சந்தோஷப்பட்டதை நினைத்து மங்கைக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. கண்டுபிடித்துத் தரச் சொன்னவளுக்கு எதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்?

சந்தனசாமி வீட்டு முன்னறையில் கூட்டம் இன்னும் முடியவில்லை. கிழவர் காதில் ஹெட்போனோடு மைக்கின் முன்னால். பக்கத்தில் ஸ்பீக்கர். அதற்கெதிரே நாற்காலியில் இசபெல்லா. தலைக்குக் குளித்து, மல்லிகை வைத்து, வெளிர்நீலப் புடவை கட்டியிருந்தாள். சலோமி கீழே பாயில் தவழ்ந்துகொண்டிருந்தது.

“வாங்கக்கா. பேசிக்கிட்டே இருந்தவரு நின்னுட்டாரு. இன்னிக்குக் கரண்டு எங்கயும் போகலயே...” மங்கைக்குப் பின்னால் நனைந்துபோய் நின்றவனைப் பார்த்து நிறுத்தினாள். “தம்பி? நீங்க எங்க இந்த மழையில?”

“அண்ணி” என்றான் அருளானந்தம்.

ஒரு வார்த்தைதான். பாயில் இருந்த குழந்தை அந்தச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கியது. அவனைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரைப் பார்த்துச் சிரித்தது. கையை ஊன்றி ஊன்றி அதை நோக்கித் தவழ்ந்து போய், மூடியிருந்த துணியைத் தட்டியது.

இசபெல்லா குழந்தையைப் பார்த்தாள், ஸ்பீக்கரைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

“இன்னொரு வாட்டி கூப்பிடுங்க.”

“அண்ணி...”

சந்தனசாமி ஹெட்போனைக் கழற்றினார். இசபெல்லா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

“அவரு எங்க?”

அவன் சொன்னான். மஞ்சக்காமாலை, தந்தி, ஆணி அடித்த பெட்டி. எதையும் விடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நடுவில் ஸ்பீக்கர் உயிர் பெற்று, “தலைவரே, தீர்மானம் என்னாச்சு? நாக்பூர் கெடைச்சாரா? ஓவர்” என்றது. கிழவர் எட்டி ஒலியைத் திருகி அணைத்தார்.

இசபெல்லா அழவில்லை. ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

“இன்னிக்குப் பாப்பாவுக்குச் சளி எப்படியிருக்குன்னு கேட்டது?”

“நான்தான்.”

“மாசமா இருந்தப்ப, கால் வீக்கம் வடிஞ்சுதான்னு கேட்டது?”

“நான்தான் அண்ணி. அண்ணன் இருந்தாக் கேட்டிருப்பாரேன்னு...”

“கேட்டிருக்க மாட்டாரு.”

அறையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“அவரு இருந்தப்ப ரெண்டு வருஷம் இதே நாக்காலியில உக்காந்து கேட்டிருக்கேன். ஒரு நாளு எம் பேரச் சொன்னதில்ல. ஐயாவைக் கேளுங்க. கழகக் கூட்டத்துல குடும்பத்தப் பேசக்கூடாதும்பாரு. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பெட்டி, அந்தக் கம்பி. நான் சோத்தைப் போட்டுட்டுப் பக்கத்துல நின்னா, ‘என்ன வேணும்’பாரு.” அவள் விரல்கள் புடவை ஓரத்தைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டே இருந்தன. “போன வருஷம் கட்டில்ல கெடக்குறப்ப திடீர்னு ரேடியோவுல, ‘இசபெல்லா சாப்பிட்டாளா’ன்னு கேட்டாரு. எனக்குக் கேட்டதை நம்ப முடியல. தூரத்துல இருக்கவும் எம் மேல பிரியம் வந்துடுச்சுன்னு நெனச்சேன். மாதாவுக்கு நேந்துக்கிட்டு நவநாள் முடிச்சேன். பிள்ள பொறந்து எழுந்ததுலருந்து ஞாயித்துக்கெழமன்னா தலைக்குக் குளிச்சு, பூ வச்சு, புடவைய மாத்திக்கிட்டு வந்து உக்காந்திருக்கேன். யாருக்குத் தம்பி? இந்தப் பொட்டிக்கா?”

அருளானந்தம் மறுபடி தரையைப் பார்த்தான்.

“எனக்குப் புருஷன் கெடைச்சதே செத்ததுக்கு அப்புறம்தான்னு ஆயிடுச்சு” என்றாள் இசபெல்லா. “அதுவும் அவரு இல்ல.”

மங்கை அவள் தோளைத் தொட்டாள். அவள் அதை உணர்ந்ததாகவே தெரியவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பொய் சொல்லாதீங்க. கடைசியில என்னையக் கேட்டாரா?”

அருளானந்தம் தலையைத் தூக்கி மங்கையைப் பார்த்தான். அவன் கண்ணில் என்ன ஓடுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ‘கேட்டாரு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு வருஷமாகச் சொன்னதோடு இதுவும் ஒன்று. அவளும் அதைத் தடுத்திருக்கமாட்டாள். சொல்லிவிடேன் என்றுகூட நினைத்தாள்.

“தெரியாது அண்ணி” என்றான் அவன். “நான் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. பக்கத்துக் கட்டில்காரரை, ராத்திரி வேலை பாத்த நர்ஸை, எல்லாரையும் கேட்டேன். ரெண்டு நாளா காய்ச்சல் வேகத்துல விடாமப் பேசிக்கிட்டே இருந்தாராம். ஆனா தமிழ்ல பேசியிருக்காரு. அங்க தமிழ் தெரிஞ்சவங்க யாரும் இல்ல.”

இசபெல்லா அப்போதுதான் உடைந்தாள். முகத்தை மூடிக்கொள்ளவில்லை. வாயைத் திறந்தபடி, சத்தமில்லாமல், மூச்சுக்குத் திணறுபவளைப் போல அழுதாள். குழந்தை பயந்துபோய் வீறிட்டது. காதர் பாட்சா உள்ளே வந்து அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வாசலுக்கும் அறைக்குமாக நடந்தான். அவன் முகமும் நனைந்திருந்தது. மழை என்று வைத்துக்கொள்ளலாம்.

சந்தனசாமி மைக்கின் பக்கம் திரும்பினார். மற்ற இருவருக்கும் சொல்லவேண்டுமே. பொத்தானை அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார். “நண்பர்களே” என்று ஆரம்பித்து, மேலே போக முடியாமல் நெற்றியை மேசையில் வைத்துக்கொண்டார். கடைசியில் எப்படியோ சொல்லி முடித்தார்.

இசபெல்லா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். தலையிலிருந்த மல்லிகையை உருவி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“அடுத்த வாரம் கல்லறைத் திருநாள்” என்றாள். “அதுக்குள்ள நான் நாக்பூர் போயிடணும். அவருக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தணும். மெட்ராசுக்கு எப்ப வண்டி அண்ணே?”

“நான் கொண்டுபோயி ஏத்தி விடுறேம்மா” என்றான் காதர். “எப்பன்னு சொல்லுங்க, அப்ப வர்றேன்.”

அவள் அருளானந்தத்தின் பக்கம் திரும்பினாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நனைந்த சட்டையின் பொத்தானைப் பார்த்துப் பேசினாள்.

“நீங்களும் வரணும் தம்பி. அவரு படுத்திருக்குற எடம் உங்களுக்குத்தான் தெரியும். ஆனா வழி பூரா எங்கிட்ட பேசக்கூடாது. ஒரு வார்த்தைகூட.”

சரி என்று சொல்ல வாயைத் திறந்தவன், சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினான்.